ரோமத்துக்கு ஏற்ற உடுப்பு: தக்காணக் கம்பளியில் ஒரு சிறு பிராண்டு தொடங்குவதென்றால்

கர்நாடகத்தின் தக்காணப் பகுதியில், சித்ரதுர்கா, ஹாவேரி, பெலகாவி பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கிறார்கள். கத்தரிக்காவிட்டால் வெயிலில் ஆடு வாடும், உண்ணி சேரும். ஆனால் கத்தரித்த ரோமத்தை வாங்கத்தான் ஆளில்லை. கத்தரிப்பவருக்குக் கொடுக்கிற கூலிகூட அதில் தேறாது என்பதால், பல இடங்களில் ரோமத்தை வேலியோரம் கொட்டிவிட்டுக் கிடையை அடுத்த ஊருக்கு நகர்த்திவிடுகிறார்கள். கோட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் வேண்டிய மெரினோ என்ற மெல்லிய ரகக் கம்பளியை ஆஸ்திரேலியாவிலிருந்து இறக்குமதி செய்வதும் இதே நாடுதான்.

எண்ணிக்கையில் நம்மிடம் ஆட்டுக்குப் பஞ்சமில்லை. 2019ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 7.43 கோடி செம்மறியாடுகள் இருந்தன. தெலங்கானாவில் மட்டும் 1.91 கோடி. ஆனால் 2022-23இல் நாடு முழுவதும் கிடைத்த ரோமம் 3.36 கோடி கிலோதான். ஆட்டுக்கு அரைக் கிலோகூட வரவில்லை. ஓர் ஆஸ்திரேலிய மெரினோ ஆடு தனி ஒன்றாகவே வருஷத்துக்கு நான்கைந்து கிலோ கொடுக்கும். நமக்குக் கிடைப்பதிலும் ஏறக்குறைய 85 சதவீதம் ஜமுக்காளம், கார்ப்பெட் தரம், 10 சதவீதம் அதைவிட முரடு. ஆடைக்கு ஆகும் என்று ஜவுளித் துறை கணக்கு வைத்திருப்பது வெறும் 5 சதவீதம்.

வீணாகிற ரோமத்தை வாங்கி, உள்ளூரிலேயே நூற்று, நல்ல ஸ்வெட்டராகப் பின்னி விற்றால் மேய்ப்பருக்கும் காசு, நமக்கும் தொழில் என்ற எண்ணம் இந்த நிலைமையைப் பார்க்கிற யாருக்கும் வரும். உள்ளூர்ப் பருத்தி, கைத்தறி, இயற்கைச் சாயம் என்று இயங்கியவர்களில் சிலர் கம்பளிப் பக்கம் திரும்புவதும் இதனால்தான். நேர்மையான எண்ணம். ஆனால் ஸ்வெட்டர் என்று முடிவு செய்துவிட்டு ரோமத்தைத் தேடிப் போகும்போதே சிக்கல் ஆரம்பித்துவிடுகிறது. கையில் இருக்கிற ரோமம் எந்த உடுப்புக்கு ஒத்துவரும் என்று பார்த்து உடுப்பைத் தீர்மானிக்கிற பிராண்டு நிற்கும். மற்றது இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டாது என்பது என் கணிப்பு.

உறுத்துகிற இழை, உழைக்கிற இழை

கம்பளியில் முதலில் பார்ப்பது இழையின் பருமன். அதை மைக்ரானில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மெரினோ பெரும்பாலும் 17 முதல் 24 மைக்ரானுக்குள் இருக்கும். நீலகிரி ஆட்டின் ரோமம் சராசரியாக 27. தக்காண ஆட்டின் ரோமம் பெரும்பாலும் 40ஐத் தாண்டும். மெல்லிய இழையும், நடுவில் பொள்ளலான முரட்டு மயிரும் ஒரே ஆட்டின் முதுகில் கலந்து வளரும்.

30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழையின் நுனி, தோலில் படும்போது வளைந்து கொடுக்காமல் குத்துகிறது. அந்தக் குத்தலைத் தோலுக்கு அடியில் உள்ள வலி நரம்பு நமைச்சலாக வாங்கிக்கொள்கிறது. கம்பளியே அலர்ஜி என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான்; ஒவ்வாமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு துணியில் நூறு இழைக்கு ஐந்துக்கு மேல் 30 மைக்ரானைத் தாண்டினால் பலருக்கு உறுத்த ஆரம்பித்துவிடும். தக்காண ரோமத்தில் கழுத்து மூடிய ஸ்வெட்டர் பின்னினால் என்ன ஆகும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். எந்த சாப்ட்னரும் இழையின் பருமனைக் குறைக்காது. இரண்டு சலவை வரைக்கும் மினுக்கும், அப்புறம் பழைய கதைதான்.

அதே பருமன்தான் உரசலைத் தாங்குகிறது. மெல்லிய மெரினோவில் பின்னிய ஒற்றை நூல் பனியன் உடம்புக்குச் சுகம். ஆனால் தோள்பை உரசும் இடத்தில் சீக்கிரமே உருண்டை உருண்டையாகத் திரளும், பிறகு ஓட்டை விழும். முரட்டு இழையை நன்றாக முறுக்கி, இரண்டு பிரியாக்கி, இறுக்கமாக நெய்து, வெந்நீரில் போட்டு மிதித்தால் இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு துணி தடிக்கும், காற்று புகாது. மேய்ப்பர் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொள்கிற கறுப்புக் கம்பளி அப்படிப்பட்டதுதான். மழையில் அதுவே குடை, இரவில் அதுவே பாய், முள்காட்டில் அதுவே கவசம். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. மேலே ஓடும் மழைத்துளியை நெருக்கமான நெசவு உதறிவிடும்.

ஸ்காட்லாந்தின் வெளித் தீவுகளில் நெய்கிற ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி பேர் வாங்கியதும் மென்மையால் அல்ல. அந்தத் தீவுகளின் ரோமமும் தோலோடு ஒட்டிப் போடுகிற ரகமில்லை. அதனால்தான் அது வழவழப்பான உள்துணி கொடுத்துத் தைத்த கோட்டாக உலகம் சுற்றியது. தாத்தா போட்ட கோட்டைப் பேரன் போடுகிற அளவுக்கு உழைக்கிறது. தக்காண ரோமத்துக்கும் இதே வழிதான் சரி. உள்ளே சட்டை போட்டு மேலே மாட்டுகிற கோட்டு, கையில்லாத அரைக்கோட்டு, குளிருக்கும் தூறலுக்குமான போர்வைச் சட்டை என்று போகலாம். உள்துணியாக நல்ல கைத்தறிப் பருத்தி. கழுத்துப்பட்டையும் மணிக்கட்டும் மட்டும் தோலில் படும். அந்த இரண்டு இடத்தில் பருத்தியோ நீலகிரிக் கம்பளியோ வைத்துத் தைத்துவிட்டால் புகாருக்கு இடமிருக்காது.

நடுவில் காணாமல்போன வேலைகள்

ஆடு இருக்கிறது, தறி கொஞ்சம் மிச்சமிருக்கிறது, வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இல்லாமல் போனது நடுவில் உள்ள வேலைகள்: பிரிப்பது, கழுவுவது, சிக்கெடுப்பது, நூற்பது. சிறு கம்பளி பிராண்டுகள் உலகத்தில் எங்கே தடுக்கி விழுந்தாலும் பெரும்பாலும் இந்த நடுப் பகுதியில்தான் விழுகின்றன. முதலீட்டில் பாதியும் கவனத்தில் முக்காலும் இங்கே போக வேண்டும்.

பிரிப்பதிலிருந்து பார்ப்போம். கத்தரிக்கும்போது ஒரே வெட்டில் அடியோடு எடுக்க வேண்டும். மேலாக ஒரு வெட்டு, மிச்சத்துக்கு இன்னொரு வெட்டு என்று போனால் அரை அங்குலத் துண்டுகள் கலந்துவிடும். பின்னால் துணியில் உருண்டை திரள்வதற்கு அந்தத் துண்டுகள் ஒரு முக்கியக் காரணம். வயிறு, கால், வால் பக்க ரோமத்தைத் தனியே ஒதுக்க வேண்டும். அடையாளத்துக்காக ஆட்டின் முதுகில் பெயின்ட் பூசியிருந்தால் அந்தக் கொத்தை வெட்டி எறிய வேண்டியதுதான், எதில் கழுவினாலும் போகாது. எல்லாவற்றையும் விட மோசம் உரச்சாக்கு. மூட்டை கட்ட எளிதில் கிடைப்பது அதுதான். ஆனால் அதன் பிளாஸ்டிக் நரம்புகள் உதிர்ந்து ரோமத்தோடு கலந்துவிடும். கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடாக வந்து நிற்கும், சாயமும் ஏறாது, ஊசிமுனையில் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருக்கும். முதல் வருஷம் மேய்ப்பருக்கு முன்பணம் கொடுப்பதோடு துணிப் பைகளையும் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

ரோமத்தை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. விரல் பருமனுக்கு ஒரு கொத்தை உருவி, இரண்டு நுனியையும் பிடித்துக் காதருகே வைத்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். தெறித்தாற்போல் ஒரே சத்தம் வந்தால் இழை திடமாக இருக்கிறது. நெருப்பில் உப்பு போட்டதுபோல் படபடவென்று கேட்டால் நடுவில் எங்கோ இற்றுப்போயிருக்கிறது. மேய்ச்சல் இல்லாத மாதத்திலோ, நோயில் படுத்த வாரத்திலோ வளர்ந்த பகுதி மெலிந்துவிடும். இழை அந்த இடத்தில்தான் அறும். தக்காணத்தில் வறட்சி அடிக்கடி வருவது. ஆகவே ஒவ்வொரு கிடையின் ரோமத்தையும் இப்படி இழுத்துப் பார்க்காமல் மூட்டையாக எடை போட்டு வாங்கக் கூடாது.

அடுத்தது கழுவுதல். மெரினோவில் பிசுக்கு அதிகம். தக்காண ரோமத்தில் பிசுக்கு குறைவு, மண்ணும் நெருஞ்சியும் ஒட்டுப்புல்லும் அதிகம். கத்தரிப்பதற்கு முன் ஆட்டையே ஓடையில் இறக்கிக் குளிப்பாட்டுகிற பழக்கம் இருக்கிற ஊர்களில் பாதிக் கஷ்டம் அங்கேயே தீர்ந்துவிடும். முள்ளை எரிக்கப் பெரிய ஆலைகள் கந்தக அமிலத்தில் முக்கி எடுப்பார்கள். சிறு தொழிலுக்கு அது வேண்டாம். கையால் பொறுக்குவதற்குக் கூலி வைத்துக் கணக்குப் போடுவதே நல்லது.

பிறகுதான் பெரிய மலை: நூற்பு. கோயம்புத்தூரைச் சுற்றி இவ்வளவு ஸ்பின்னிங் மில் இருக்கிறதே, ஒன்றில் கொடுத்து நூற்கக் கூடாதா என்று கேட்பார்கள். அந்த மில்கள் பருத்தி இழையின் நீளத்துக்கு அமைந்தவை. ரோமத்தின் நீளமும் சுருளும் பிசுக்கும் அந்த உருளைகளுக்குள் சிக்கிச் சுற்றிக்கொள்ளும். கம்பளிக்கென்று தனிக் கார்டிங் எந்திரம், அதாவது இழையைச் சீவிச் சிக்கெடுக்கிற எந்திரம், வேண்டும். அது பிகானேர், பானிபட், லூதியானா பக்கம்தான் அதிகம் இருக்கிறது. அங்கேயும் ஒரு லாட் என்றால் நூற்றுக்கணக்கான கிலோவில் பேசுவார்கள். நம் ரோமம் வேறு மூட்டையோடு கலக்காது என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது. ஒரு காலத்தில் நாட்டுக்குள்ளேயே பெரிய கம்பளி மில்கள் இருந்தன. கான்பூரில் 1876இல் தொடங்கி லால் இம்லி என்று பேர் எடுத்த மில்லும், 1880இல் தொடங்கிய பஞ்சாபின் தாரிவால் மில்லும் 1981இல் அரசுடைமையாகி, பின்னர் படிப்படியாக நொடித்து நின்றுபோயின. வடிவமைப்பாளர்கள் மறுபடி வரலாம், கடைகளும் வரலாம். ஒரு கார்டிங் கூடம் மூடி, அதை ஓட்டத் தெரிந்தவர்களும் போய்விட்டால் அது எளிதில் திரும்பி வருவதில்லை.

பணக்கார நாடுகளிலும் இதே நிலைமைதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் தொடக்க விழா உடை சீனாவில் தைக்கப்பட்டது என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதனால் 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்குக்கு ரால்ப் லாரன் நிறுவனம் முழுக்க முழுக்க அமெரிக்காவிலேயே ஸ்வெட்டர் செய்யத் தீர்மானித்தது. ஓரிகான் மாநிலத்தில் இம்பீரியல் ஸ்டாக் ரேஞ்ச் என்ற பழைய பண்ணையின் ரோமத்தை எடுத்தார்கள். 1999இல் வழக்கமாக வாங்குகிற கம்பெனி இனி வேண்டாம் என்று கைவிட்டபின், சொந்தமாக நூல் செய்து விற்றே பிழைத்த பண்ணை அது. ரோமம் மேற்குக் கோடியில் இருந்தது. கழுவுவதற்குத் தென் கரோலினாவுக்குப் போனது. நூற்க பென்சில்வேனியாவுக்குப் போனது. பின்னுவதற்கு மறுபடி மேற்கே கலிபோர்னியாவுக்கு வந்தது. உள்நாட்டு ஸ்வெட்டர் என்ற பேருக்காக ஒரு கண்டத்தை இரண்டு முறை கடந்த ரோமம் அது. கடைசியில் ஸ்வெட்டர் நன்றாக வந்தது, பண்ணைக்கும் பேர் கிடைத்தது. ஆனால் அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே நடுப் பகுதியைக் கோத்தெடுப்பது இந்தப் பாடு என்றால், ஐந்து லட்ச ரூபாயோடு தொடங்குகிறவர் எங்கே கவனம் வைக்க வேண்டும் என்பது தெரிகிறது.

ஹாரிஸ் ட்வீடும் இந்த இடத்தில் அடிபட்டிருக்கிறது. வெளித் தீவுகளில் சாயம் ஏற்றி, அங்கேயே நூற்று, தீவுக்காரர்கள் தங்கள் வீட்டில் நெய்து, அங்கேயே பதப்படுத்தினால்தான் அந்தப் பெயர் செல்லும் என்று 1993இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. பெயருக்கு அவ்வளவு காவல் இருந்தும், 2006இல் ஸ்டோர்னோவேயில் இருந்த முக்கிய மில் கைமாறியபோது புதிய உரிமையாளர் ஆயிரக்கணக்கான வடிவங்களை நான்காகச் சுருக்கினார். வீட்டில் தறி வைத்திருந்தவர்களுக்கு நூலும் வரவில்லை, வேலையும் வரவில்லை. ஷாபோஸ்ட் என்ற ஊரில் மூடிக் கிடந்த இன்னொரு மில்லை வேறு சிலர் எடுத்து நடத்திய பிறகுதான் தொழில் மீண்டது. நெசவாளரின் கை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், நூல் தருகிற இடம் ஒன்றே ஒன்று என்றால் பிடி முழுவதும் அதன் கையில்தான்.

தக்காணத்தில் இன்னும் ஒரு வழி பாக்கி இருக்கிறது என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அங்கே ஆடு மேய்க்கும் சமூகமான குருபர் வீட்டுப் பெண்கள் இன்றைக்கும் ராட்டையில் கம்பளி நூற்கிறார்கள். ஆண்கள் குழித்தறியில் நெய்கிறார்கள். வயது ஏறிய கைகள்தான் அதிகம், ஆனாலும் கை இருக்கிறது. எந்திர மில்லைத் தேடி ராஜஸ்தானுக்கு லாரி அனுப்புவதைவிட, இருபது முப்பது ராட்டைகளுக்கு வருஷம் முழுவதும் வேலை வருகிற மாதிரி திட்டமிடுவது சிறு பிராண்டுக்குக் கட்டுப்படியாகும். ராட்டைக்கு முன்னால் உள்ள சிக்கெடுக்கும் வேலைக்கு மட்டும் ஒரு சிறிய கார்டிங் எந்திரம் வாங்கி ஊரிலேயே வைக்கலாம். அந்த ஒரு எந்திரம் நூற்பவர்களின் கைவலியைப் பாதியாக்கும், நூலும் சீராக வரும்.

பணம் எங்கே போகிறது

ஒரு கோட்டுக்கு உத்தேசக் கணக்கு போட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், விகிதம்தான் முக்கியம். கோட்டுக்கு வேண்டிய நூல் 900 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கழுவுவதிலும் நூற்பதிலும் போகிற சேதாரத்தைச் சேர்த்தால் 1.6 கிலோ ரோமம் வாங்க வேண்டியிருக்கும். மேய்ப்பருக்குக் கிலோவுக்கு 80 ரூபாய் கொடுத்தாலும் 128 ரூபாய்தான். பொறுக்கிச் சிக்கெடுக்க 150. ஒரு நாளைக்குக் கால் கிலோ வீதம் நூற்றால் ஏறக்குறைய நான்கு நாள் கூலி, நாளுக்கு 400 வைத்தால் 1,600. பாவு ஓட்டி நெய்ய 1,200. அலசி மிதித்துக் காயவைக்க 250. உள்துணி, பொத்தான், நூல் 350. நல்ல தையல்காரருக்கு 900. கூட்டினால் 4,578 ரூபாய்.

இதில் ரோமத்தின் பங்கு நூறுக்கு மூன்றுகூட இல்லை. மேய்ப்பருக்குக் கொடுப்பதை இரட்டிப்பாக்கினாலும் கோட்டின் அடக்கவிலை 128 ரூபாய்தான் ஏறும். ரோமத்தில் பேரம் பேசி மிச்சம் பிடிக்க நினைக்கிறவர் தவறான இடத்தில் சிக்கனம் பார்க்கிறார். நல்ல விலை கொடுத்தால் சுத்தமான, அடியோடு வெட்டிய, பெயின்ட் படாத ரோமம் வரும். பொறுக்குகிற கூலியிலேயே அந்தக் கூடுதல் காசு திரும்பிவிடும்.

நேரடியாக விற்றால் இந்தக் கோட்டுக்கு எட்டாயிரமாவது விலை வைக்க வேண்டும். கடை வழியாகப் போனால் பத்தைத் தாண்டும். 2025 செப்டம்பரிலிருந்து 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்குக் குறைந்தால் 5. நான்கு வருஷத்தில் கிழிகிற செயற்கை இழை ஸ்வெட்டருக்குக் குறைந்த வரியும், இருபது வருஷம் உழைக்கிற கைநெசவுக் கோட்டுக்கு அதிக வரியுமாக இது முடிவதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் விலைச்சீட்டு அச்சடிக்கும் முன் இதைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

இன்னொன்று, பணம் முடங்குகிற காலம். ரோமம் கத்தரிக்கிற பருவத்தில் வாங்கியாக வேண்டும், நூற்பவருக்கு வாராவாரம் கூலி போக வேண்டும். ஆனால் கோட்டு விற்பது நவம்பர் முதல் ஜனவரி வரைதான். கையிலிருந்து போன காசு திரும்ப எட்டு பத்து மாதம் ஆகிவிடும். முன்பதிவு வாங்கி, பாதிப் பணம் முன்னால் பெற்றுக்கொண்டு தைப்பதுதான் கடன் இல்லாமல் முதல் இரண்டு வருஷத்தைக் கடக்க நான் பார்க்கிற ஒரே வழி.

உழைக்கும்படி தைப்பது

துணி உழைத்தால் போதாது, உடுப்பு உழைக்க வேண்டும். குழித்தறிக் கம்பளி அகலம் குறைவாக வரும். மேய்ப்பருக்கான கம்பளியையே இரண்டு பட்டைகளாக நெய்து நடுவில் இணைப்பார்கள். ஆகவே மேற்கத்திய கோட்டின் வளைவான பேட்டர்னை அதன்மேல் வைத்து வெட்டினால் நான்கில் ஒரு பங்கு துண்டாகப் போகும். நேர்க்கோட்டில் வெட்டுகிற, தோள் இறங்கிய அமைப்பு இந்தத் துணிக்குப் பொருத்தம். பேட்டர்ன் மாஸ்டரைத் தறிக்கே கூட்டிப் போய் அகலத்தைக் காட்டிவிட்டுப் பிறகு வரையச் சொல்வது நல்லது.

பாவுக்குப் போடுகிற புளியங்கொட்டைக் கஞ்சியை முழுக்க அலசி எடுக்க வேண்டும். போர்வையில் அந்த விறைப்பு அழகு. கோட்டில் அது முழங்கை மடிப்பில் முறியும், பூச்சியையும் இழுக்கும். வெட்டுவதற்கு முன்பே துணியை வெந்நீரில் போட்டு, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கவிட வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால், வாங்கியவர் ஒருமுறை நனைத்ததும் பெரியவருக்குத் தைத்த கோட்டு பையனுக்குப் போய்விடும்.

இங்கிலீஷ் கால்வாயில் உள்ள கெர்ன்சி தீவின் மீனவர் ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று பேதமில்லை. வலையை இழுத்து இழுத்து முன்பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். கையைத் தோளிலிருந்து மணிக்கட்டை நோக்கிப் பின்னுவார்கள். முதலில் கிழிவது மணிக்கட்டுதான், அதனால் கிழிந்ததும் கீழிருந்து பிரித்து, புது நூல் கோத்து மறுபடி பின்னினால் வேலை முடிந்தது. உடுப்பு எங்கே தேயும் என்று யோசித்துவிட்டுப் பின்னத் தொடங்கியவர்களின் வேலை அது. நம் கோட்டில் தேய்வது அக்குள், பாக்கெட் மூலை, கைமுனை, முழங்கை. கைமுனைப் பட்டையைக் கழற்றி மாற்றும்படி தைக்கலாம். பாக்கெட் மூலையில் இரட்டைத் தையல் போட்டு உள்ளே ஒரு துண்டுத் துணி வைக்கலாம். தக்காண ரோமத்தின் கறுப்பு இயற்கையானது, ஆட்டுக்கு ஆடு மாறும், சில கொத்து பழுப்பாகவே இருக்கும். அதனால் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு சிட்டம் நூலை எண் போட்டு எடுத்து வைக்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து ரிப்பேருக்கு வரும் கோட்டுக்கு அதே நிறத்தில் நூல் வேறெங்கும் கிடைக்காது.

ரிப்பேரை இலவசமாகச் செய்வதா, காசு வாங்குவதா என்று கேட்டால், காசு வாங்குங்கள் என்பேன். நியாயமான கூலி வாங்கினால்தான் அந்தச் சேவை பத்து வருஷம் நிற்கும். வாஷிங் மெஷினில் போடக் கூடாது, வெயிலில் உதறிப் பிரஷ் போட்டால் போதும், பெட்டியில் வைக்கும்போது வேப்பிலை என்று ஒரு சின்னச் சீட்டைக் கோட்டின் உள்பாக்கெட்டிலேயே தைத்துவிடலாம்.

தமிழ்நாட்டுக்கு இதில் இடம் உண்டா

தமிழ்நாட்டுச் செம்மறிகளில் மேச்சேரி, சென்னைச் சிவப்பு, ராமநாதபுரம் வெள்ளை எல்லாம் குட்டைமயிர் ஆடுகள். கறிக்கும் தோலுக்கும் பேர்போனவை, ரோமம் எடுக்க முடியாது. கோயம்புத்தூர் குறும்பையும் திருச்சி கருங்குறும்பையும் முரட்டு ரோமம் தருபவை. அவற்றைத் தக்காண ரோமத்தின் தம்பி என்று எடுத்துக்கொண்டு அதே கோட்டுத் துணிக்குப் பயன்படுத்தலாம்.

தனிக்கதை நீலகிரி ஆடு. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து மலைக்குளிருக்குப் பழகி உருவானது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆட்டின ஆராய்ச்சி நிலையம் அதைக் காத்து வருகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் 1965 முதல் இயங்குகிறது. அங்கே பாரத் மெரினோ என்ற மெல்லிய ரோம இனத்தை வளர்க்கிறார்கள். தோலில் படுகிற உடுப்புக்குத் தோதான மெல்லிய ரோமம் தமிழ்நாட்டில் கிடைக்கிற இடங்கள் இவைதான். ஆனால் மந்தைகள் சிறியவை. நீலகிரி ஆடு அருகிவரும் இனம். வருஷத்துக்கு ஆயிரம் ஸ்வெட்டர் என்று திட்டம் போட அங்கே ரோமம் இல்லை. கழுத்துப்பட்டை, குல்லாய், கையுறை போன்றவற்றுக்குச் சிறு அளவில் எடுப்பதும், அதற்குத் தாராளமாக விலை கொடுப்பதும் அந்த மலை ஆட்டை வளர்க்கிறவர்களுக்குத் தெம்பு தரும்.

தையலுக்கு மட்டும் நமக்குக் குறையில்லை. ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு ஒருபக்கம் சித்ரதுர்காவின் கிடைகள், மறுபக்கம் திருப்பூர் தையல் கூடங்கள், இன்னொரு பக்கம் நீலகிரி. வாங்குகிறவர்கள் பெங்களூரு, உதகை, குன்னூர், வடக்கே டெல்லி, டேராடூன். சமவெளித் தமிழ்நாட்டில் கம்பளிக் கோட்டு விற்கப் பார்ப்பது வீண் அலைச்சல்.

முதல் வருஷத்துக்கு 200 கிலோ ரோமம், ஒன்றோ இரண்டோ கிடை, ஒரே ஒரு கோட்டு, ஒரே ஒரு அரைக்கோட்டு போதும். நூறு உருப்படிக்கு மேல் வரும். வயிற்று ரோமமும் துண்டும் மீதமாகும். அதை மிதித்துப் பட்டையாக்கித் தோள்பட்டைத் திண்டாகவும் பைக்கு உள்பட்டையாகவும் வைக்கலாம்.

மேய்ப்பரோடு போடுகிற ஒப்பந்தத்தை மட்டும் ஒரு வருஷத்துக்குப் போடக் கூடாது. கறி விலை ஏற ஏற, தக்காணத்து மந்தைகளில் நெல்லூர், மட்கியால் என்ற கறி இனக் கிடாய்களை விடுகிறார்கள். குட்டி பெரிதாக வளரும், எடை கூடும், ரோமம் குறைந்துவிடும். 2017இல் தெலங்கானா அரசு 75 சதவீத மானியத்தில் வீட்டுக்கு இருபது பெட்டை, ஒரு கிடாய் என்று ஆடு கொடுக்கத் தொடங்கியபோதும் கறிதான் குறி, ரோமம் கணக்கில் இல்லை. மேய்ப்பரைக் குறை சொல்ல முடியாது. அவர் வீட்டு அடுப்பு எரிவது கறியில்தான். இந்த வருஷம் மந்தையில் எந்தக் கிடாய் நிற்கிறதோ, அதன் குட்டிகள் பிறந்து வளர்ந்து ஒழுங்கான ரோமம் தர இரண்டு மூன்று வருஷம் ஆகும். மூன்று வருஷத்துக்கு இவ்வளவு ரோமத்தை இந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, முதல் தவணையையும் கையில் வைத்தால், கறுப்புத் தக்காணக் கிடாய் ஒன்றையாவது சந்தைக்கு ஓட்டாமல் மந்தையில் நிறுத்திக்கொள்ள அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.